அந்த மாட்டை விட்டுவிடுங்கள், தம்பி

கேள்வி:

அக்கா, எனக்கு 26 வயது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமம். திருச்சியில் விஸ்காம் முடித்துவிட்டு மூன்று வருடம் சென்னையில் கல்யாண வீடியோ எடிட் செய்தேன். அந்தக் காசில் செகண்ட் ஹேண்ட் கேமரா ஒன்று வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டேன். பேர் வெளியே தெரியாத மனிதர்களைப் பக்கத்தில் இருந்து படம் எடுக்க வேண்டும், ஒரு படத்துக்கு ஒரு ஆள். இதுதான் ஆசை.

முதல் படம் எங்கள் ஊர்க் கீழத்தெருவில் இருக்கும் ஒரு பெரியம்மாவைப் பற்றியது. நாற்பது வருடமாக நடவு. என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வயலிலும் நட்டிருக்கிறார். ஜூனில் தொடங்கி அறுவடை வரை ஒன்பது மாதம், 47 மணி நேரம் எடுத்திருக்கிறேன். ஐப்பசியில் கரண்ட் போன ஒரு மழை ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில், அவராகவே ஒன்று சொன்னார். பக்கத்து வீட்டு மாட்டைத் தன் மாடு என்று காட்டி, அதோடு நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு, குழுவில் மாட்டு லோன் வாங்கிய கதை. பணம் போனது மகன் வெளிநாடு போக ஏஜென்டுக்கு. சொல்லும்போது விழுந்து விழுந்து சிரித்தார், அப்புறம் அழுதார். ஏழு நிமிடம், ஒரே ஷாட். சென்னையில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினேன், கைதட்டினார்கள். படத்தின் உயிரே அதுதான்.

போன வாரம் அவர், “தம்பி, அந்த மாட்டுக் கதைய மட்டும் எடுத்துப்புடுங்க” என்றார். காரணம் சொல்லவில்லை. அனுமதிப் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவுக்கு அனுப்ப மூன்று வாரம்தான் இருக்கிறது. முகத்தை மங்கலாக்கி, குரலை மாற்றி வைத்துக்கொள்ளலாமா? அவருக்குப் பணம் ஏதும் கொடுக்க வேண்டுமா? 12 நிமிடத் துண்டின் லிங்க்கையும் படிவத்தின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள தம்பி,

முதலில் ஒரு தகவல், உங்களுக்கும் வாசகர்களுக்கும். உங்கள் கடிதத்தை அப்படியே போடவில்லை. போனில் உங்களிடம் சொன்னபடி ஊரை மாற்றியிருக்கிறேன், லோன் எதற்கு வாங்கியது என்பதை மாற்றியிருக்கிறேன், பணம் எங்கே போனது என்பதையும் மாற்றியிருக்கிறேன். இங்கே மாடு என்று வாசகர்கள் படிப்பது மாடு இல்லை. ஒரு பக்கக் கேள்வி பதிலுக்கே இவ்வளவு பூசி மெழுக வேண்டியிருக்கிறது. எழுத்தில் அது முடிகிறது. படத்தில் மாடு மாடாகத்தான் நிற்கும். உங்கள் மங்கலாக்கும் யோசனைக்குப் பாதிப் பதில் இதிலேயே வந்துவிட்டது.

இனி மாட்டை மாடு என்றே வைத்துப் பேசுவோம்.

எடுத்துவிடுங்கள். இன்றைக்கே. பதில் அவ்வளவுதான். மிச்சம் எழுதுவது ஏன் என்றும், அதை எடுத்த பிறகு படத்துக்கு என்ன செய்வது என்றும் சொல்லத்தான். இரண்டாவதுதான் உங்களுக்கு உண்மையான கவலை என்று நினைக்கிறேன்.

படிவத்தைப் பார்த்தேன். இணையத்திலிருந்து இறக்கிய இங்கிலீஷ் படிவம், இரண்டு பக்கம். அதில் ஒரு வரி, இந்தப் பதிவைப் பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும், எந்த ஊடகத்திலும் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறேன் என்கிறது. அமெரிக்க வக்கீல்கள் எழுதும் வாசகம், உலகத்தில் பாதிப் பேர் அப்படியே நகல் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். முழங்கால் சேற்றில் நிற்கிற அம்மாவிடம் பிரபஞ்சம் முழுவதுக்குமான உரிமையை எழுதி வாங்கியிருக்கிறீர்கள்! கையெழுத்தில் முதல் எழுத்து அழுத்தமாக இருக்கிறது, கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போயிருக்கிறது. பேனாவைப் பிடித்துப் பழக்கமில்லாத கை, நீங்கள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் போட்ட கையெழுத்து. கோர்ட்டில் இந்தக் காகிதம் எவ்வளவு நிற்கும் என்று நான் வாதாட வரவில்லை. நின்றாலும் என் பதில் இதுதான்.

ஏனென்றால் அவர் கையெழுத்துப் போட்டது கேமராக்காரருக்கு இல்லை. பண்ணை வீட்டுப் பேரனுக்கு.

உங்கள் 12 நிமிடத்தை மூன்று தடவை பார்த்தேன். ஜூன் மாத ஷாட்டுகளில் அவர் உங்களைச் “சின்னய்யா” என்கிறார், இரண்டு இடத்தில் தெளிவாகக் கேட்கிறது. “இப்படி நிக்கட்டுமா சின்னய்யா?” புரட்டாசியில் எடுத்த ஷாட்டில் அது “தம்பி” ஆகிவிட்டது. இதை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை, கடிதத்தில் எழுதவில்லை. என்னைக் கேட்டால் உங்கள் படத்தில் நடந்திருக்கிற பெரிய சம்பவம் அதுதான். சின்னய்யா கேட்டால் கீழத்தெருவில் பதில் ஒன்றுதான், “சரிங்க.” அந்தச் ‘சரிங்க’வுக்குப் பின்னால் என்னென்ன கிடக்கிறது என்று டெல்டாவில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பண்ணையாட்களை நினைத்தபடி விரட்டக்கூடாது என்று தஞ்சைக்கென்று தனியாக ஒரு சட்டம் 1952-ல்தான் வந்தது. குடியிருக்கிற மனை அவரவருக்கே சொந்தம் என்கிற குடியிருப்புச் சட்டம் 1971-ல். கூலியை உயர்த்திக் கேட்டதில் மூண்ட பகையில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தது 1968 டிசம்பர் 25. அந்தப் பெரியம்மா அப்போது கைக்குழந்தையாகவோ, வயல் வரப்பில் விளையாடுகிற சிறுமியாகவோ இருந்திருப்பார். ‘சரிங்க’ என்பதை அவருக்கு அவர் அம்மா சொல்லிக் கொடுத்திருப்பார்.

அப்படிப்பட்டவர் போன வாரம் உங்களிடம் “எடுத்துப்புடுங்க” என்று சொல்லியிருக்கிறார். ஒன்பது மாதத்தில் அவர் உங்களிடம் சொன்ன முதல் ‘வேண்டாம்’ இதுதானா என்று யோசித்துப் பாருங்கள். நெருக்கமான படம் எடுக்க வேண்டும் என்கிறீர்கள். டார்ச் வெளிச்சத்தில் அழுததை நெருக்கம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். மழை, இருட்டு, கரண்ட் இல்லை, பேச்சு வாக்கில் யாரிடமும் எதுவும் வரும். பகலில், யோசித்து, பண்ணை வீட்டுப் பிள்ளையைப் பார்த்து “வேணாம்” என்று சொல்ல எவ்வளவு பழகியிருக்க வேண்டும்!

காரணம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. குழுக் கடனுக்கு நகையோ பத்திரமோ அடமானம் கிடையாது. தெருப் பெண்கள் ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு, அதுதான் அடமானம். வாரா வாரம் ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள், வசூலுக்குப் பையன் பைக்கில் வருவான், ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் தலையில் விழும், எல்லோரும் கட்டும் வரை அவன் எழுந்து போகமாட்டான். மாட்டுக் கதை வெளியே வந்தால் அந்தத் திண்ணையில் அவருக்கு இடம் இருக்காது. அடுத்த லோன் கிடைக்காது. மாட்டைக் கொடுத்து உதவிய பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து மாட்டுவார். உங்கள் நண்பர்கள் கைதட்டியது சென்னையில் உட்கார்ந்து. அவர்களில் யாரும் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அந்தத் திண்ணைக்குப் போக வேண்டியதில்லை.

முகத்தை மங்கலாக்கினால்? திருவனந்தபுரத்தில் யாருக்கும் தெரியாது, சரி. கீழத்தெருவில் அவரை முகத்தை வைத்தா அடையாளம் காண்கிறார்கள்? உட்காரும் விதம், வலது மணிக்கட்டில் கட்டியிருக்கும் கறுப்புக் கயிறு, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர், எல்லாம் ஷாட்டில் இருக்கிறது. போதாததற்கு நான்காவது நிமிடத்தில் அந்த மாட்டையே தனியாக எடுத்துச் சேர்த்திருக்கிறீர்கள், இடது கொம்பு ஒடிந்த மாடு. அந்த ஊரில் ஒற்றைக் கொம்பு மாடு எத்தனை இருக்கும்? மாட்டுக்கும் சேர்த்து முகத்தை மறைப்பீர்களா?

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். பெருமைப்படும் கதை இல்லை. உங்களைவிட இரண்டு வயது பெரியவளாக இருந்தபோது, ஒரு குத்தகை விவசாயியைப் பற்றிப் படம் எடுத்தேன். எழுபது வயதுக்காரர். வீட்டுக்குப் போனால் “வா ஆயி” என்று கூப்பிட்டு மோர் கொடுப்பார். தண்ணீர் எட்டாத ஒரு வருஷம், முறை இல்லாத ராத்திரியில் மடையைத் திறந்து தன் வயலுக்குத் தண்ணீர் வைத்ததை, திருட்டு மாம்பழம் தின்ற பையன் மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னார். “இத எல்லாம் போட்டுடாதே” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதனால் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன், எனக்கு அது வசதியாக இருந்தது. படத்துக்கு ஒரு பரிசும் கிடைத்தது. ஒன்றரை வருஷம் கழித்து, வாய்க்கால் தகராறு ஒன்றில், எதிர்க் கட்சிக்காரர் அந்தக் காட்சியைப் பஞ்சாயத்தில் போட்டுக் காட்டியிருக்கிறார். பெரியவரின் குத்தகை கைமாறிவிட்டது. விஷயம் கேள்விப்பட்டு ஓடினேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. திண்ணையில் துண்டால் தட்டி இடம் பண்ணி, “வாங்க மேடம், உக்காருங்க” என்றார். மோரும் வந்தது. அதற்கப்புறம் அவர் இறக்கும்வரை நான் மேடம்தான்.

சரி, படத்துக்கு வருவோம்.

அந்த ஏழு நிமிடம் போனால் படத்தின் உயிர் போய்விடும் என்கிறீர்கள். நான் பார்த்தவரை அந்த ஏழு நிமிடம்தான் மற்ற 47 மணி நேரத்தை உங்கள் கண்ணிலிருந்து மறைக்கிறது. நல்ல வாக்குமூலம் ஒன்று கையில் சிக்கிவிட்டால் எடிட்டருக்குச் சோம்பல் வந்துவிடும், எனக்கும் வந்திருக்கிறது. மற்றதெல்லாம் அதற்கு முன்னோட்டமாகவும் பின்குறிப்பாகவும் மாறிவிடும். உங்கள் துண்டில் நடவு வெறும் அலங்காரமாக இருக்கிறது. பச்சை, தண்ணீர், வானம், கொக்கு. நாற்பது வருஷம் ஒரு பெண் செய்த வேலை அதில் ஒன்றே கால் நிமிடம்.

அந்த ஒன்றே கால் நிமிடத்தையும் நீங்கள் எங்கே நின்று எடுத்தீர்கள் என்று பாருங்கள். வரப்பில். நின்றபடி. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் டெலி லென்ஸ் போட்டு. கேமரா கீழ்நோக்கிப் பார்க்கிறது, பதினைந்து முதுகுகள் வரிசையாகத் தெரிகின்றன. டெல்டாவில் வரப்பில் நின்று நடவுக்காரப் பெண்களின் முதுகைப் பார்ப்பது யாருடைய வேலை? வயலுக்குச் சொந்தக்காரருடைய வேலை, அவர் வராத அன்று காரியக்காரருடைய வேலை. குடை பிடித்துக்கொண்டு, “எட்ட எட்ட வைக்காதே, நெருக்கி நடு” என்று சத்தம் போடுகிற இடம் அது. உங்கள் தாத்தா நின்ற இடத்தில் அவர் பேரன் கேமராவோடு நின்றிருக்கிறார். நீங்கள் வேண்டுமென்றே செய்ததில்லை என்பது தெரியும். கேமரா நனையக் கூடாது என்று நின்றிருப்பீர்கள். படம் பார்க்கிறவனுக்கு அந்தக் காரணம் தெரியாது, கோணம்தான் தெரியும்.

இறங்குங்கள். பேண்டை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்குங்கள். 35 எம்எம் லென்ஸைப் போட்டுக்கொண்டு அவர் கைக்கு மூன்றடியில் குந்துங்கள். முக்காலி சேற்றில் புதையும். மூன்று காலுக்கும் கீழே மூன்று பழைய எவர்சில்வர் தட்டு வைத்தால் ஓரளவு நிற்கும். கேமராவுக்குப் பாலித்தீன் உறை. அங்கேயிருந்து பார்த்தால் உங்களுக்கு இதுவரை தெரியாத ஒன்று தெரியும். இடது கை நாற்று முடிச்சைப் பிடித்திருக்கும், அதன் கட்டைவிரல் நாலைந்து நாற்றைப் பிரித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும், வலது கை வாங்கிச் சேற்றில் ஊன்றும். அந்தக் கட்டைவிரல் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணுகிறது, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. கால் பின்னாலேயே போகும், திரும்பிப் பார்ப்பதில்லை. ஊன்றும்போது ஒரு சத்தம் வரும், ‘சப்’பென்று, பதினைந்து பேர் நட்டால் அந்தச் சத்தத்துக்கு ஒரு தாளம் வரும். உங்கள் துண்டில் அந்த இடத்தில் புல்லாங்குழல் வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள், மாட்டுக் கதையை வெட்டுவதற்கு முன்னால் அதை வெட்டுங்கள்.

மைக் பற்றி ஒரு வார்த்தை. அவர் குரல் பாதி இடத்தில் கரகரவென்று வருகிறது. லேப்பல் மைக்கைச் சேலைத் தலைப்பில் குத்தியிருக்கிறீர்கள், குனியும்போதெல்லாம் தாலிச் சங்கிலி அதில் வந்து இடிக்கிறது. நடவில் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டிருப்பார்கள் இல்லையா, தலையில் துண்டு. அந்தத் துண்டின் மடிப்பில், நெற்றிக்கு மேலே மைக்கை வையுங்கள், டிரான்ஸ்மிட்டரையும் தலைத்துண்டுக்குள்ளேயே பின்பக்கம் முடிந்துவிடலாம். இடுப்பில் சொருகினால் சேற்றில் விழும், இரண்டு இழந்திருக்கிறேன். வீட்டுக்குள் எடுத்த ஷாட்டில் லைட் வெளிச்சம் பட்டை பட்டையாக ஓடுகிறது, ஷட்டரை 1/50-ல் வையுங்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்.

அப்புறம் அந்த நடவுப் பாட்டு. நீங்கள் கேட்டுப் பாடியதுதானே? இப்போது யாரும் வயலில் பாடுவதில்லை, யாராவது ஒருத்தியின் போனில் பாட்டு ஓடும். இந்தக் குறும்பு ஆவணப்படம் பிறந்தபோதே கூடப் பிறந்தது. அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹெர்டி 1922-ல் ‘நானூக்’ என்ற ஆவணப்படத்தை வெளியிட்டார். வடதுருவப் பக்கத்து இனுயிட் மக்கள் அப்போதே துப்பாக்கி வைத்து வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் பழைய ஈட்டியால் வேட்டையாடச் சொல்லி எடுத்தார். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று பாதி வீடு மட்டும் கட்டச் சொன்னார். படம் பார்த்த உலகம் இவர்கள் இன்னும் ஈட்டியோடுதான் இருக்கிறார்கள் என்று நம்பிவிட்டது. உங்கள் பாட்டையும் வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் நீங்கள் “ஒரு பாட்டுப் பாடுங்களேன்” என்று கேட்கிற குரலையும் சேர்த்து வையுங்கள். அவர்கள் மறந்துபோய் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறது, அடுத்த வரி ஞாபகம் வராமல் சிரிக்கிறது, அது நிச்சயம் உங்கள் ரஷ்ஷில், வெட்டாத பதிவில், இருக்கும். பாட்டைவிட அது நல்ல காட்சி.

இப்போது படத்தின் நடுவில் என்ன வைப்பது என்பதற்கு வருகிறேன். மூன்றாவது நிமிடத்தில், நான்கு விநாடி, காலண்டரிலிருந்து கிழித்த பழைய தேதித் தாள்கள் ஒரு கம்பியில் குத்தித் தொங்குகின்றன. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பின்பக்கத்தில் பென்சிலால் கோடு கோடாக இருக்கிறது, சில தாளில் பேர் மாதிரி ஏதோ. அவர்தான் நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிறவர் என்று போனில் சொன்னீர்கள். அப்படியானால் அது நடவுக் கணக்காக இருக்கலாம், எந்த வயல், எத்தனை ஆள், எத்தனை நாள். அது என்னவென்று கேட்டீர்களா? ஒன்பது மாதத்தில் ஒரு தடவையாவது?

கேளுங்கள். கடைமடையில் குறுவை சொற்பம், சம்பாதான் பெரிது. அதிலும் தண்ணீர் வந்து சேருமா சேராதா என்ற சந்தேகத்தில் பாதிப் பேர் நேரடி விதைப்புக்குப் போய்விட்டார்கள். நேரடி விதைப்பில் நாற்றங்கால் இல்லை, நாற்றுப் பறி இல்லை, நடவு இல்லை. நடவு இருக்கிற இடத்துக்கு மெஷின் வந்துவிட்டது. மெஷின் வராத இடத்துக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள், ஒரே நாளில் வரிசை வரிசையாக நட்டு முடித்துவிட்டு அடுத்த ஊர் போய்விடுகிறார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் குறுவை நடவு நடந்தால், உங்கள் பெரியம்மா விடிகாலை குட்டியானையில் நின்றுகொண்டே அங்கே போய்த்தான் நட வேண்டும். நாற்பது வருஷம் நட்ட கை இன்றைக்கு வருஷத்தில் எத்தனை நாள் நடுகிறது? அவர் அம்மா எத்தனை நாள் நட்டார்? அந்தத் தாள்கள் அதைச் சொல்லலாம். வேலை நாள் குறையக் குறையக் கடன் ஏறும். மாட்டுக் கதை எங்கிருந்து பிறந்ததோ அந்த இடம் இதுதான். மாட்டைக் காட்டாமலே அந்த இடத்தைக் காட்டலாம், அதில் அவருக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை, தெருவில் எல்லோருக்கும் நடக்கிறதுதான். ஒருவேளை தாள்களில் குழுத் தவணைக் கணக்கும் கலந்திருந்தால் அதை அவரே எடுத்து வைக்கட்டும், மிச்சத்தைப் படம் பிடியுங்கள்.

இதற்கு வருகிற நடவு வரை நீங்கள் காத்திருக்க வேண்டும், புரிகிறது. விழாவை விட்டுவிடுங்கள். திருவனந்தபுரத்தில் அது அடுத்த வருஷமும் நடக்கும். ஒன்பது மாதம் எடுத்துவிட்டு மூன்று வாரத்தில் எடிட் முடிப்பேன் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

அழிக்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன், அதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். டைம்லைனில் வெட்டினால் மட்டும் போதாது. எனக்கு அனுப்பிய லிங்க் யார் திறந்தாலும் திறக்கிறது, பாஸ்வேர்டு இல்லை. முதலில் அதை மூடுங்கள். சென்னை நண்பர்களில் யாருக்காவது ஃபைல் அனுப்பினீர்களா? வாட்ஸ்அப்பில் ஒரு துண்டு போயிருந்தால்கூடக் கூப்பிட்டு அழிக்கச் சொல்லுங்கள். கடைசியாக அசல் கிளிப். இரண்டு ஹார்ட் டிஸ்கிலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்பேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. ஆவணக் காப்பகம் நடத்துகிற என் நண்பர்கள் இதற்கு என்னைத் திட்டுவார்கள், எதையும் அழிக்கக் கூடாது என்பது அவர்கள் மதம். அவர்கள் லேப்டாப் இதுவரை திருடுபோனதில்லை போலிருக்கிறது.

படிவத்தையும் கிழித்துவிட்டுத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். படம் எங்கெங்கே காட்டப்படும், யார் யார் பார்ப்பார்கள், யூடியூபில் போடுவீர்களா மாட்டீர்களா, எடிட் பூட்டும் நாள் வரை எதை வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாம், உங்கள் போன் நம்பர். அவ்வளவு போதும். நீங்கள் படித்துக் காட்டுங்கள், அதை விட அவருடைய பேத்தியோ யாரோ படித்துக் காட்டினால் நல்லது. “யூடியூபில வந்தா நம்ம தெருவுல எல்லார் போனுலயும் வரும் பெரியம்மா” என்று அந்த வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

எடிட் முடிந்ததும் முதலில் அவரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் வீட்டில், அவர் தேர்ந்தெடுக்கிற நேரத்தில், அவர் கூப்பிடுகிற ஆட்களோடு. மகன் இருக்க வேண்டுமா, பக்கத்து வீட்டுக்காரி இருக்க வேண்டுமா என்பது அவர் இஷ்டம். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அவரைப் பாருங்கள். எங்கே தலைப்பை இழுத்து வாயைப் பொத்துகிறாரோ அந்த நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லாருக்கு தம்பி” என்றுதான் வரும். “அந்த ஒம்பதாவது நிமிஷம் வேணுமா வேணாமா?” என்று கேளுங்கள்.

பணம். பேசுவதற்குப் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் நாளைக்கு அவர் உங்களுக்குப் பிடிக்கிற மாதிரிப் பேச ஆரம்பித்துவிடுவார். ஆனால் உங்கள் ஷூட்டிங்கால் அவர் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை என்றால் அந்த நாள் கூலி உங்கள் கடன். ஒன்பது மாதத்தில் அப்படி எத்தனை நாள் என்று அவரிடம் கேட்காதீர்கள், “இருக்கட்டும் தம்பி” என்பார். ஃபுட்டேஜில் தேதி இருக்கிறது, நீங்களே கணக்குப் போடுங்கள். பரிசுப் பணம் வந்தால் பாதி அவருக்கு. இது விதி ஒன்றுமில்லை, நான் அந்தப் பெரியவருக்குச் செய்யாமல் விட்டது.

கடைசியாக ஒன்று. அந்த 12 நிமிடத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா நான்கு இடத்தில் பின்னால் தெரிகிறார், வாசல் தெளிக்கிறார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறார், ஒரு இடத்தில் கேமராவை நேராகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை, படிவங்களிலும் அவர் பேர் இல்லை. நாளைக்குக் கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போய் அவரிடமும் கேட்டுவிட்டு வாருங்கள்.